தூக்கச் சிட்டை: சர்க்கரை வருமுன் பெண்கள் எழுதிப் பார்க்க வேண்டிய கணக்கு

சாப்பாட்டுக்கு முன் 97, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 132. ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மாவுக்கு 48 வயதிலேயே வந்துவிட்ட சர்க்கரை எனக்கு 51 ஆகியும் வரவில்லை என்று அத்தாச்சியிடம் பீற்றிக்கொண்டேன். இரண்டு நாள் கழித்து மூன்று மாதச் சராசரி, அதாவது ஹெச்பிஏ1சி, 5.9 என்று வந்தது. பார்டர், அதாவது சர்க்கரை வாசல்படியில் நிற்கிறது. டாக்டரம்மா பலகாரத்தைப் பற்றித்தான் கேட்கப்போகிறார் என்று பதிலெல்லாம் தயார் செய்துகொண்டு போனால் அவர் கேட்டது வேறு: “ராத்திரி எத்தனை மணிக்கும்மா தூங்குவீங்க?” பத்து மணிக்கு என்றேன், கூசாமல். பத்து மணிக்கு சீரியல் முடிகிறது. அதைத்தான் தூங்குகிற நேரம் என்று நானே நம்பிக்கொண்டிருந்தேன்.

நான் காரைக்குடியில் ஒரு பலகாரக் கடையில் கணக்கு எழுதுகிறவள். அன்றாட வரவு செலவைச் சிட்டையில் எழுதி, அப்புறம் பேரேட்டில் ஏற்றி, வருஷக் கடைசியில் ஐந்தொகை போடுவது இந்தப் பக்கத்து வழக்கம். கடைக் கணக்கில் ஒன்றரை ரூபாய் இடித்தால் பாதி ராத்திரி வரை உட்கார்ந்து தேடுகிற நான், தினமும் ஒன்றரை மணி நேரத் தூக்கம் காணாமல் போவதைப் பல வருஷமாகக் கவனிக்கவே இல்லை. அதை எப்படிக் கண்டுபிடிப்பது, எங்கிருந்து திரும்ப எடுப்பது என்று, நான் செய்ததையும் சொதப்பியதையும் சேர்த்து எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. மாத்திரை விஷயமெல்லாம் உங்கள் டாக்டரோடு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றரை மணி நேரம் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. நியூயார்க்கில் இருக்கும் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 38 பெண்களை வைத்து ஓர் ஆராய்ச்சி செய்து 2023 இல் வெளியிட்டார்கள். எல்லோரும் வழக்கமாக ஏழு மணி நேரமாவது தூங்குகிறவர்கள், சர்க்கரை இல்லாதவர்கள். அவர்களைத் தினமும் ஒன்றரை மணி நேரம் தள்ளிப் படுக்கச் சொல்லி, தூக்கத்தை ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேலே நிறுத்தி, ஆறு வாரம் பார்த்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க அதே பெண்களை இன்னோர் ஆறு வாரம் வழக்கம்போலத் தூங்கவிட்டார்கள். தூக்கம் குறைந்த ஆறு வாரத்தில், ரத்தச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கும் இன்சுலினின் வெறும் வயிற்று அளவு 12 சதவீதத்துக்கு மேல் ஏறியது. உடம்பு இன்சுலினுக்கு மசியாமல் முரண்டு பிடிப்பது கிட்டத்தட்ட 15 சதவீதம் கூடியது, மாதவிலக்கு நின்றுபோன பெண்களுக்கு 20 சதவீதத்தையும் தாண்டியது. எடை போட்டதால் வந்த வினை என்றும் சொல்ல முடியவில்லை.

சரி, அந்தப் பெண்களின் ரத்தச் சர்க்கரை எவ்வளவு ஏறியது? ஏறவே இல்லை, அப்படியேதான் இருந்தது. எனக்குச் சுரீரென்று உறைத்த இடம் இதுதான். கல்யாண மாதத்தில் எங்கள் கடையில் நான்கு பேர் சுடுகிற தேன்குழலை ஆறு பேர் சுடுவார்கள், சரக்கு நேரத்துக்குப் போய்விடும், வாங்குகிறவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. கூலிக் கணக்கைப் பார்க்கிற எனக்குத்தான் தெரியும். இன்சுலினைச் சுரக்கும் கணையமும் அப்படி ஓவர்டைம் பார்த்துச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கிறது, நாம் ரிப்போர்ட்டைப் பார்த்து நார்மல் என்கிறோம். பல வருஷம் ஓவர்டைம் பார்த்த ஆள் ஒருநாள் உட்கார்ந்துவிடுவார் இல்லையா, அன்றைக்குத்தான் சர்க்கரை ஏறத் தொடங்கும்.

முந்தி இந்த மாதிரிச் சோதனைகளைப் பெரும்பாலும் ஆண்பிள்ளைகளை வைத்தே செய்தார்கள். 1999 இல் சிகாகோவில் 11 இளைஞர்களை ஆறு ராத்திரி நான்கு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டு, சர்க்கரையைக் கையாளும் திறன் குறைவதைக் காட்டியது பெயர்பெற்ற ஆராய்ச்சி. ஆனால் நான்கு மணி நேரம் மட்டும் தூங்கி யார் வருஷக்கணக்கில் குடும்பம் நடத்துகிறார்கள்? நம் வீட்டுப் பெண்கள் தூக்கத்தில் பட்டினி கிடப்பதில்லை, தினமும் அரை வயிறு. அதனாலேயே அது கணக்கில் வருவதில்லை.

தூக்கம் குறைந்தால் உள்ளே என்ன நடக்கிறது என்று ரொம்ப நீட்டவில்லை. சாயங்காலம் தணிய வேண்டிய கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் தணியாமல் நிற்கிறது, படபடப்பு நரம்புகள் ஓயாமல் வேலை செய்கின்றன, கொழுப்பு கரைந்து ரத்தத்தில் சுற்றுகிறது, மூன்றும் சேர்ந்து இன்சுலினுக்கு முட்டுக்கட்டை போடுகின்றன. பசியைத் தூண்டும் கிரெலின் ஏறுகிறது, போதும் என்று சொல்லும் லெப்டின் இறங்குகிறது. மறுநாள் நான்கு மணிக்கு சீயம் இரண்டு போதாமல் நான்காவதற்குக் கை போவது நாக்கின் குற்றம் மட்டும் இல்லை என்று தெரிந்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது, உண்மையைச் சொன்னால்.

சிட்டை எழுதுவது

செயலியும் வேண்டாம், கைக்கடிகாரமும் வேண்டாம். தினத்தாள் காலண்டரில் காலையில் கிழிக்கும் தாள் இருக்கிறதே, அதன் பின்பக்கம் போதும். காலையில் எழுந்ததும் நான்கு விஷயம் எழுதுங்கள்: விளக்கை அணைத்த நேரம், தூக்கம் வந்திருக்கும் என்று தோன்றும் நேரம் (உத்தேசம்தான், ராத்திரி கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், பார்த்தால் வருகிற தூக்கமும் போய்விடும்), நடுவில் எத்தனை தடவை எதற்காக விழித்தீர்கள், எழுந்த நேரம். முந்தின நாள் கடைசிக் காப்பி எத்தனை மணிக்கு, ராத்திரிச் சாப்பாடு எத்தனை மணிக்கு என்றும் ஓரத்தில் குறித்துவையுங்கள். 14 நாள். நல்ல நாளாகப் பார்த்து எழுதக் கூடாது. விசேஷம், விருந்தாள், மாமியாருக்குக் காய்ச்சல், எது வந்தாலும் எழுத வேண்டும், சிட்டையில் நாளைத் தாண்டினால் அது சிட்டையே இல்லை.

என் முதல் வாரத்தில் ஒரு தாள் இன்னும் இருக்கிறது, அப்படியே தருகிறேன். 10:00 சீரியல் முடிந்தது. 10:20 மாவைக் கரைத்து உப்புப் போட்டு மூடியது, கிரைண்டர் கழுவியது. 10:40 அடுப்பு மேடை துடைத்தது. 10:50 இரண்டாம் கட்டுக் கதவு, வளவுக் கதவு, முகப்புக் கதவு மூன்றும் பூட்டியது (பெரிய வீட்டில் பின்கட்டை வாடகைக்கு எடுத்திருக்கிறோம், முன்கட்டில் வீட்டுக்கார ஆச்சி மட்டும், அவருக்கு முழங்கால் வலி). 11:10 நியூஜெர்சியிலிருந்து மகன் போன். 11:45 விளக்கை அணைத்தது. 1:30 வேர்த்து விழித்தேன். 3:10 பாத்ரூம். 5:00 எழுந்தது, நல்ல தண்ணீர் வரும் நாள். கூட்டிக் கழித்தால் ஐந்து மணி நேரம்கூடத் தேறாது. என் மனசில் இருந்த கணக்கு ஏழு.

14 தாளையும் தரையில் பரப்பிப் பாருங்கள். ஒரே இடத்தில் ஓட்டை திரும்பத் திரும்ப இருக்கும். அதை மட்டும் பிடித்தால் போதும், எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் திருத்தப் போனால் பத்தாவது நாள் பழைய குருடி கதவைத் திறடிதான்.

எங்கிருந்து எடுப்பது

காலைப் பக்கத்தைத் தொட முடியாது. தண்ணீர், கோலம், பால், பள்ளிக்கூடச் சாப்பாடு, பல்லவன் ரயிலுக்குக் கிளம்புகிற ஆள் என்று நம் ஊர் காலை யாருக்காகவும் காத்திருக்காது. அதனால் ராத்திரிப் பக்கத்தில்தான் எடுக்க வேண்டும். ஒரேயடியாக ஒன்பதரைக்குப் போய்ப் படுத்தால் தூக்கம் வராது, மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு கிடப்பீர்கள், நான் மூன்று நாள் கிடந்தேன். நான்கு நாளுக்கு ஒருமுறை பதினைந்து நிமிஷம் முன்னால் நகர்த்துங்கள். எழுகிற நேரம் மட்டும் ஞாயிற்றுக்கிழமை உட்பட மாறக் கூடாது. மொத்தம் ஏழு மணி நேரம் தூங்கினால் பெரியவர்களுக்குப் போதும்.

அப்புறம் பங்கு பிரிப்பது, இதுதான் பெரிய வேலை. வீட்டில் கடைசியாகப் படுக்கிற ஆள் யார் என்று பாருங்கள், முதலில் எழுகிற ஆளும் அவரேதான் என்றால் அது வழக்கம் இல்லை, அநியாயம். எங்கள் வீட்டுக்காரரிடம் கதவு பூட்டுவதை ஒப்படைத்தேன். “பூட்டுறதுக்குமா டாக்டர் சீட்டு?” என்றார். 14 தாளையும் எடுத்து முன்னால் வைத்தேன், ஒன்றும் பேசாமல் வாசித்துவிட்டுச் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு போனார். வாயால் பத்து வருஷம் சொன்னதை எழுத்து ஒரு நிமிஷத்தில் சொல்லிவிட்டது. மாவு ஆட்டுவதை மாலை ஆறு மணிக்கு மாற்றினேன், நம் ஊர் வெக்கைக்குச் சீக்கிரம் புளித்துவிடுமே என்று பயந்தேன், பொங்கினதும் ஃபிரிட்ஜில் எடுத்து வைத்தால் ஒன்றும் ஆகவில்லை.

வெளிநாட்டுப் பிள்ளைகளின் போன். செட்டிநாட்டில் இது இல்லாத தெருவே கிடையாது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் இருக்கும் பிள்ளை மதியச் சாப்பாட்டு வேளையில் கூப்பிட்டால் நமக்கு ராத்திரி. அதையே நமக்குக் காலை 6:30க்கு மாற்றினால் அங்கே முந்தின நாள் ராத்திரி எட்டு அல்லது ஒன்பது மணி, பேரப்பிள்ளையும் விழித்திருக்கும். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது, அவர்கள் ஒன்பது மணிக்கு ஓய்ந்து உட்கார்ந்தால் இங்கே 6:30, விளக்கேற்றிவிட்டுப் பேசலாம். துபாய்தான் கொஞ்சம் இடக்கு, நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால், அவர்களை வெள்ளிக்கிழமை போலச் சீக்கிரம் வீடு திரும்பும் நாளில் பேசச் சொல்லுங்கள். மகனிடம் கேட்கவே எனக்குத் தயக்கமாக இருந்தது. அவன், “முன்னாடியே சொல்றதுக்கு என்னம்மா” என்றான்.

சாப்பாடு. ராத்திரியில் தூக்கத்துக்கான ஹார்மோன் மெலட்டோனின் ஏறும் நேரத்தில் இன்சுலின் சுரப்பது மந்தமாகும், அதனால் ஏழரை மணிக்குத் தின்கிற நான்கு இட்லியும் பத்தரை மணிக்குத் தின்கிற நான்கு இட்லியும் ரத்தத்தில் ஒன்றில்லை. படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் முடித்துவிடுங்கள். கல்யாண வீட்டில் இது நடக்காது, விடுங்கள். காப்பி உள்ளே போனால் ஐந்து மணி நேரம் கழித்தும் ஏறக்குறைய பாதி உடம்பில் நிற்கும், எனவே மதியம் இரண்டுக்கு மேல் வேண்டாம். நான்கு மணிப் பலகாரத்தோடு காப்பி இல்லையா என்று கேட்பீர்கள். நான் சுக்குமல்லிக்கு மாறினேன், முதல் வாரம் தலைவலி பிய்த்தது, அப்புறம் சரியாகிவிட்டது. போன் வெளிச்சத்தைப் பற்றி எல்லோரும் சொல்லிவிட்டார்கள், நான் சார்ஜரை சமையலறையில் மாட்டினேன், அவ்வளவுதான்.

உடம்பே எழுப்பிவிட்டால்

நேரத்துக்குப் படுத்தும் தூக்கம் உடைகிறது என்றால் சிட்டையில் ‘எதற்காக விழித்தேன்’ பத்தியைப் பாருங்கள். வேர்வையும் உடம்புக் கொதிப்பும் என்றால் மாதவிலக்கு நிற்கும் காலமாக இருக்கலாம். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் கோரைப்பாய் போட்டுப் படுப்பது மெத்தையைவிட எனக்கு ஒத்துக்கொண்டது, பருத்திச் சேலை, தலைமாட்டில் ஈரத்துண்டு. அதிலும் தாங்கவில்லை என்றால் மகப்பேறு டாக்டரிடம் சொல்லலாம், அதற்கு மருந்து இருக்கிறது, பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்க வேண்டியது விதி இல்லை. ஆனால் நீங்கள் ஏற்கெனவே சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர் என்றால், ராத்திரி வேர்வையும் படபடப்பும் சர்க்கரை இறங்கியதால் இருக்கலாம். கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளில் இது நடக்கும். உடனே குளுக்கோமீட்டரில் பாருங்கள், 70க்குக் கீழே என்றால் மூன்று நான்கு டீஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக் குடித்துவிட்டு, கால் மணி நேரத்தில் மறுபடி பார்த்து, காலையில் டாக்டரிடம் போங்கள்.

ராத்திரி மூன்று நான்கு தடவை சிறுநீர் கழிக்க எழுகிறீர்கள் என்றால் தூக்கத்தைத் திருத்துவதற்கு முன்னால் சர்க்கரையைப் பாருங்கள், அது சர்க்கரையின் அறிகுறியாகவே இருக்கலாம். கால் பரபரவென்று ஊர்வதுபோல் இருந்து ஆட்டிக்கொண்டே இருக்கத் தோன்றினால் இரும்புச்சத்து குறைவா என்று பாருங்கள்.

குறட்டை. இதைப் பெண்கள் ஒத்துக்கொள்ளவே மாட்டார்கள், வெட்கம். தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நின்று நின்று வருவது ஆண்களுக்கு மட்டும் வருவதில்லை, மாதவிலக்கு நின்ற பிறகு பெண்களுக்கும் கூடுகிறது, அதுவும் பல பெண்களுக்குப் பெரிய குறட்டையாகத் தெரியாமல், தூக்கம் வரலை, காலையில் தலைவலி, நாள் முழுக்க அசதி என்றுதான் தெரியும். சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் இதற்கும் நெருங்கிய உறவு உண்டு. வீட்டுக்கார ஆச்சி பல காலமாகத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தது இந்தத் தலைவலிக்குத்தான். அவரைப் பார்த்துக்கொள்ளப் பேத்தி வந்து ஒரு வாரம் படுத்தபோதுதான், “அப்பத்தா, நீங்க மூச்சே விடாம இருந்துட்டு திடீர்னு இழுக்குறீங்க” என்று சொன்னாள். தூக்கச் சோதனை செய்து பார்த்து இப்போது மூக்கில் கருவி மாட்டித் தூங்குகிறார், யானை மாதிரி இருக்கு என்று சிரிக்கிறார், தைல டப்பா அலமாரியில் ஏறிவிட்டது. தனியாகப் படுக்கும் பெண்கள் ஒரு ராத்திரி போனில் ரெக்கார்டு போட்டு வைத்துக் கேளுங்கள். மருந்துக்கடையில் தாமாகத் தூக்க மாத்திரை வாங்கிப் போடுவது மட்டும் கூடவே கூடாது, இந்த அடைப்பு உள்ளவர்களுக்கு அது இன்னும் ஆபத்து.

ராத்திரி வேலைக்குப் போகிறவர்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. முகூர்த்த நாளுக்கு முன்னால் எங்கள் கடையில் நள்ளிரவு தாண்டி அடுப்புப் பற்றவைத்துவிடுவார்கள். மாறி மாறி இரவுப் பணி பார்த்த அமெரிக்க நர்ஸ்களை வைத்துச் செய்த ஆராய்ச்சி 2011 இல் வந்தது, இரவுப் பணி பார்த்த வருஷம் கூடக் கூடச் சர்க்கரை வரும் வாய்ப்பும் கூடியது. வேலையை விடச் சொல்ல நான் யார்? பகலில் தூங்கும் அறையின் சன்னலை அட்டை வைத்தாவது இருட்டாக்குங்கள், இரண்டு துண்டாகத் தூங்கினாலும் ஒரு துண்டு தினமும் ஒரே நேரத்தில் இருக்கட்டும், அடுப்படியில் நள்ளிரவுக்கு மேல் பணியாரத்தை வாயில் போடுவதை நிறுத்துங்கள். முப்பது வயது தாண்டியிருந்தால் வருஷம் ஒருமுறை சர்க்கரை பார்த்துவிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை சேர்த்துத் தூங்கி ஈடுகட்டலாம் என்பது நான் நம்பியிருந்த ஏமாற்று. கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2019 இல் அதைச் சோதித்துப் பார்த்தார்கள், வார இறுதியில் தூங்கியவர்கள் மறுபடி குறைத் தூக்கத்துக்குப் போனதும் இன்சுலின் கோளாறு திரும்பவும் வந்து நின்றது. மதியம் மூன்றுக்கு முன்னால் இருபது நிமிஷம் கண்ணயரலாம், அதற்கு மேல் போனால் ராத்திரித் தூக்கத்தில் பற்று விழும். அதற்காக மிதமிஞ்சித் தூங்கினால் நல்லது என்றும் நினைக்காதீர்கள். 70,026 நர்ஸ்களைப் பத்தாண்டு தொடர்ந்து பார்த்து 2003 இல் வெளியான ஆராய்ச்சியில், ஐந்து மணி நேரம் அல்லது அதற்குக் குறைவாகத் தூங்கியவர்களுக்கும் சர்க்கரை அதிகம் வந்தது, ஒன்பது மணி நேரமோ அதற்கு மேலோ தூங்கியவர்களுக்கும் வந்தது. குறைவாகத் தூங்கியவர்களின் கணக்கில் உடல் எடைக்கும் பெரிய பங்கு இருந்தது. ஒன்பது மணி நேரம் தூங்கியும் அசதி போகவில்லை என்றால் தைராய்டு, ரத்தசோகை, மனச்சோர்வு என்று வேறு காரணம் தேட வேண்டும்.

டாக்டரிடம் என்ன கேட்பது

வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரை பார்டர், 126இலிருந்து சர்க்கரை. ஹெச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை பார்டர், 6.5இலிருந்து சர்க்கரை. என்னைப்போல ஒன்று நார்மல், இன்னொன்று பார்டர் என்று வரலாம், எனவே வெறும் வயிற்றுச் சோதனையோடு நிறுத்தாதீர்கள். இரும்புச்சத்து குறைந்த பெண்களுக்கு ஹெச்பிஏ1சி உள்ளதைவிடக் கூட்டிக் காட்டலாம், அதனால் கூடவே ஹீமோகுளோபினும் பாருங்கள். கர்ப்ப காலத்தில் சர்க்கரை வந்து பிரசவத்துக்குப் பின் போய்விட்டதா? போனது திரும்பி வரும் வாய்ப்பு மிக அதிகம், கைக்குழந்தையோடு தூக்கம் போகும் வருஷங்களும் அவையே, அந்தப் பெண்கள்தான் எல்லோருக்கும் முன்னால் சிட்டையை எடுக்க வேண்டும். சினைப்பையில் நீர்க்கட்டி என்று சொல்லப்பட்டவர்களுக்கும் அப்படியே. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை பார்க்கக் காசு கிடையாது, மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வருகிறவர்களிடமும் கேட்கலாம்.

போகும்போது 14 தாளையும் ரப்பர் பேண்டு போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். “தூக்கம் சரியில்லை டாக்டர்” என்றால் அரை நிமிஷத்தில் முடிந்துவிடும், தாளை நீட்டினால் டாக்டர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு உட்கார்வார். மறுபடி ஹெச்பிஏ1சி எடுக்க மூன்று மாதம் பொறுங்கள், அதற்கு முன்னால் எடுத்தால் பழைய கணக்கும் சேர்ந்தே வரும்.

எனக்கு 5.9 இப்போது 5.7. தூக்கத்தால் மட்டும் என்று சொல்ல மாட்டேன், அதே மூன்று மாதத்தில் பத்தரை மணிச் சாப்பாட்டையும் விட்டேன், சாயங்காலம் அரை மணி நேரம் நடக்கவும் ஆரம்பித்தேன். இன்னும் பார்டர்தான். நேற்றுத் தாளில் விளக்கை அணைத்தது 10:05, எழுந்தது 5:10, நடுவில் ஒரு தடவை, பூனை.